தண்ணீரில் இன்னொருவன் இருந்தான்

கதிர் கண்ணு,

இந்த உறையை உன் பையில், வேட்டிக்கு அடியில் வைக்கப் போகிறேன். ரயில் சேலம் தாண்டியதும் உனக்குப் போன் செய்து, பைக்குள் ஒன்று இருக்கிறது, எடுத்துப் படி என்று சொல்வேன். நேரிலேயே சொல்லியிருக்கலாம். இந்த இரண்டு வருஷத்தில் எத்தனையோ முறை வாயெடுத்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் "சாப்பிட வா கண்ணு" என்று முடித்துக்கொள்வேன். எழுதும்போது உன் முகம் எதிரில் இல்லை, அதனால்தான் முடிகிறது. அந்தக் கோழைத்தனத்தையும் சேர்த்தே இதைப் படி. ஒடிசா போய்ச் சேர உனக்கு ஒன்றரை நாள் இருக்கிறது. பிகாஷின் கல்யாண வீட்டு வாசலில் நீ நிற்பதற்குள் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும். இது என் விருப்பம் மட்டும் இல்லை, அவனும் கேட்டுக்கொண்டது.

பிகாஷ்தான் உன்னைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டான் என்பது உனக்குத் தெரியும். உனக்கு வந்த நோய் அவனுக்கும் வந்தது, அவனுடைய இடது முட்டி சரியாக மடங்காமல் போய்விட்டது, அதுவும் தெரியும். நடுவில் ஒரு ஆறு நாள் இருக்கிறது. அதுதான் உனக்குத் தெரியாது. அந்த நாட்களில் நீ பாதி நினைவோடு கிடந்தாய். ஆகவே முதலிலிருந்தே சொல்கிறேன்.

உனக்கு நீச்சல் தெரியாமல் போனதற்குக் காரணம் நான். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் கணியூரில் உன் மாமன் டயர் டியூபில் காற்றடித்து வைத்துக்கொண்டு, "தங்கச்சி, பையனக் கெணத்துல எறக்கறேன், ரெண்டே நாள்ல பழகிக்குவான்" என்பான். நான் ஒரு முறைகூட விடவில்லை. நான் ஆறாவது படிக்கும்போது என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் கிணற்றிலிருந்து கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அதைப் பார்த்த கண் இது. உன்னைத் தண்ணீரிலிருந்து தள்ளியே வைத்திருந்தால் தண்ணீர் உன் பக்கம் வராது என்று நினைத்தேன். என் பயத்தை உனக்குப் பாதுகாப்பு என்று பேர் வைத்துக் கொடுத்தேன். நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்தால், நான் அழுதாலும் கேட்காதே, முதலில் நீச்சல் பழக்கு.

அன்று மாமன் மகளுக்குக் காதுகுத்து. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நம் தையல் யூனிட்டில் இருந்தும் பத்துப் பேரை வேனில் கூட்டிப் போயிருந்தோம். பிகாஷ் அப்போது நம்மிடம் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஓவர்லாக் மெஷினில் அவன் கை வேகத்துக்குத் திருப்பூர் நல்லூரில் ஆள் இல்லை என்று உன் அப்பா எல்லோரிடமும் சொல்வார். உன்னைவிட இரண்டு வயது மூத்தவன். நீ காலேஜ் முடித்து யூனிட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்கள் இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஐப்பசி மழை ஒரு வாரமாக விடாமல் பெய்து அன்றைக்குத்தான் வெறித்திருந்தது. சாப்பிட்டு முடித்ததும் அமராவதியில் வெள்ளம் பார்க்கப் போகிறோம் என்று மாமன் பைக்கை எடுத்துக்கொண்டு நீங்கள் கிளம்பினீர்கள். "ஆத்துல எறங்கீறாதீங்கடா" என்று கத்தினேன். ஆற்றில் நீங்கள் இறங்கவில்லை. திரும்பும்போது வாய்க்கால் கரை மழையில் ஊறிப்போயிருந்தது. பைக் பாரத்துக்குக் கரை சரிந்து, பைக்கும் நீங்களும் ஒன்றாக உள்ளே போய்விட்டீர்கள்.

நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் போட்ட சத்தம் கேட்டுத்தான் நாங்கள் ஓடி வந்தோம். நான் வந்து சேரும்போது தண்ணீர் மேல் யாரும் இல்லை. வயல் தண்ணீரெல்லாம் வந்து விழுந்து வாய்க்கால் டீ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சிறு பாலத்துக்கு அடியில் நீ போய்ச் சிக்கிக்கொண்டிருந்தாய். பிகாஷ் ஒரு தடவை தலையைத் தூக்கி மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் முங்கினான். மூன்று தடவை முங்கினான். நான் எண்ணினேன். மூன்றாவது தடவை உன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். கரையில் உன்னைப் போட்டு அவன்தான் உன் நெஞ்சை அமுக்கினான், வாயில் வாய் வைத்து ஊதினான். உன் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் சேறு வந்தது. அப்புறம் நீ இருமினாய். அந்த இருமலைப் போல ஒரு சத்தத்தை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை.

எல்லோரும் உன்னைச் சுற்றிக் கூடிவிட்டோம். பிகாஷ் நாலு அடி தள்ளிப் போய், ஒரு தென்னை மரத்தைப் பிடித்துக் குனிந்து வாந்தி எடுத்தான். உன்னிடமிருந்து வந்த அதே சேற்றுத் தண்ணீர். அவனுக்கு யாரும் ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை. அதை நான் பார்த்தேன் கதிர். நன்றாகப் பார்த்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள், ஏனென்றால் பின்னால் நான் "எனக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொள்ள முடியாமல் போனது இதனால்தான்.

உடுமலை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நெஞ்சுப் படம் எடுத்து, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தாய். ஒன்பதாம் நாள் காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நடுங்கினாய். "ஏன் கண்ணு, குளுருதா?" என்று தொட்டால் உடம்பு கொதித்தது. திருப்பூரில் சேர்த்தோம். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். ஊசி போட்டார்கள், இரண்டு நாள் கழித்து வேறு ஊசிக்கு மாற்றினார்கள். காய்ச்சல் அசையவில்லை. இருமும்போது சளியில் ரத்தம் வந்தது. டி.பி.யாக இருக்குமோ என்று ஒரு டாக்டர் சொன்னார். எதற்கும் கோயம்புத்தூர் கூட்டிப் போங்கள் என்றார்.

அதே வாரம் பிகாஷும் இருமத் தொடங்கியிருந்தான். நான் ஆஸ்பத்திரிக்கும் யூனிட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் யூனிட்டுக்குப் போனபோது, அந்த வெயிலில், எக்ஸ்போர்ட்டில் ரிஜெக்ட் ஆன தடித்த குல்லாய்ச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. அவனோடு ரூமில் தங்கியிருந்தவர்கள் என்னிடம் வந்து, இருமல் எங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று முணுமுணுத்தார்கள். டி.பி. என்ற வார்த்தை என் காதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அவனிடம் போய், "பிகாஷ், நீ ஊருக்குப் போயி பதினஞ்சு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வா சாமி" என்றேன். "கதிரைப் பாத்துட்டுப் போறேன் அக்கா" என்றான். "வேண்டாம், நீ இருமற. அவன் இருக்கற நெலமைல உள்ள விட மாட்டாங்க" என்றேன். அவன் தலையாட்டினான். மறுநாள் உன் அப்பா அவனை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்தார். உன் உயிரைக் காப்பாற்றியவனை, காய்ச்சலோடு, ஒரு டாக்டரிடம்கூடக் காட்டாமல் ரயிலேற்றினேன். அப்போது எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. ஒரு வேலை முடிந்தது என்றுதான் இருந்தது.

கோயம்புத்தூரில் நரைத்த முடியை இழுத்துக் கட்டிய ஒரு டாக்டரம்மா உன்னைப் பார்த்தார். முதல் நாளே, "சமீபத்துல ஏதாவது அடிபட்டாரா, சேத்துல, தண்ணியில விழுந்தாரா?" என்று கேட்டார். வாய்க்காலைப் பற்றிச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உன் ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்க அனுப்பினார். மூன்றாம் நாள் காலையில் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். உன் அப்பா அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்.

"மெலியாய்டோசிஸ்னு பேரு அம்மா. மண்ணுலயும் வயல் தண்ணியிலயும் இருக்கற கிருமி. எப்பவாவதுதான் மனுசனுக்கு வரும். தண்ணியில முங்கினப்ப நேரா நுரையீரலுக்குள்ள போயிருக்கு. பாக்க டி.பி. மாதிரியே இருக்கும், சாதாரண ஊசிக்கு அடங்காது. இதுக்குன்னு இருக்கற ஊசியக் குறைஞ்சது ரெண்டு வாரம் போடணும், அப்புறம் மாசக்கணக்குல மாத்திரை. கண்டுபிடிச்சாச்சு, இனிமே சண்டை போடலாம்" என்றார். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இது லேசில் தொற்றாது என்றும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. நோய்க்குப் பேர் கிடைத்ததே பாதி குணமானது போல இருந்தது. அப்போது அவர் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்:

"அன்னைக்குத் தண்ணிக்குள்ள இவர்கூட வேற யாராவது இருந்தாங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. ஆனால் தெரியாமல் சொன்னதும் இல்லை. தென்னை மரத்தைப் பிடித்துக் குனிந்து நின்றவன் அந்த நொடியில் என் கண் முன்னால் வந்தான். வந்த பிறகுதான் "இல்லீங்க" என்றேன்.

ஏன் என்று நீ கேட்பாய். நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இருந்தான் என்று சொன்னால், எங்கே என்று அடுத்த கேள்வி வரும். இருமுகிறவனை ரயிலேற்றி அனுப்பிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் என்னிடம் தன்மையாகப் பேசிய அந்த டாக்டரம்மா என்னைப் பற்றி என்ன நினைப்பார்? அவர் மனம் கோணிவிட்டால் உன் வைத்தியத்தில் ஒரு சிட்டிகை குறைந்துவிடுமோ என்றுகூடத் தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் ஐ.சி.யூ. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற தாய்க்கு எல்லாக் கதவும் யாரோ ஒருவர் கையில் இருப்பது போலவே இருக்கும். இதெல்லாம் காரணம், நியாயம் இல்லை. இதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. அதைத்தான் எழுதக் கை வரவில்லை. அந்த நேரத்தில் உலகத்தில் எனக்கு நோயாளி ஒருவன்தான் இருந்தான். இன்னொருவன் இருப்பதை நான் விரும்பவில்லை.

நம் யூனிட்டில் ஊசி உடைந்தால் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். லைன் முழுக்க நிறுத்துவேன். உடைந்த துண்டு எல்லாம் கிடைத்து, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, முழு ஊசி ஆனால்தான் மெஷின் ஓடும். ஒரு தடவை அரிசி முனை அளவு துண்டு கிடைக்காமல் இரண்டு மணி நேரம் எல்லோரையும் தரையில் காந்தம் வைத்துத் தேட விட்டேன். "எங்கயோ இருக்கற கொழந்தைக்குக் குத்தீரும்" என்று கத்தினேன். நீ அன்றைக்கு என்னைப் பெருமையாகப் பார்த்தாய். முகம் தெரியாத ஊரில் முகம் தெரியாத குழந்தைக்காக லைனை நிறுத்தியவள்தான், என் கையால் சோறு போட்ட ஒருவனைப் பற்றிக் கேட்டபோது இல்லீங்க என்றேன்.

பிகாஷ் தினமும் சாயங்காலம் போன் செய்தான். முதல் இரண்டு நாள் ரயிலிலிருந்து. அப்புறம் ஊரிலிருந்து. எடுத்ததும் "கதிர் எப்படி அக்கா?" என்பான். நான் பொய்யில்லாமல் பதில் சொல்வேன், ஊசி போடுகிறார்கள், கொஞ்சம் பரவாயில்லை என்று. "நீ எப்படி இருக்க?" என்று கேட்பேன். கேட்கும்போதே, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிடு என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வேன். அவனும் "நல்லா இருக்கேன்" என்றே சொன்னான், நடுநடுவே இருமிக்கொண்டு. ஒரு நாள், "இங்க சின்ன ஆஸ்பத்திரில படம் எடுத்தாங்க அக்கா. டி.பி.னு மாத்திரை குடுத்திருக்காங்க" என்றான். டாக்டரம்மா சொன்னது அப்படியே காதில் கேட்டது. "சரி, ஒழுங்கா சாப்புடு" என்று சொல்லி வைத்தேன். இன்னொரு நாள், முட்டி வீங்கி நடக்க முடியவில்லை என்றான். அன்றைக்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லாமல் விட்டதால் அடுத்த நாள் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் கூடச் சேர்ந்துகொண்டதே.

அதற்குள் உனக்குக் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. புது ஊசி தொடங்கிய ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்து தெளிவாகப் பேசினாய். முதலில் தண்ணீர் கேட்டாய். அடுத்து "பிகாஷ் வரலியாம்மா?" என்றாய். "ஊருக்குப் போயிருக்கான், நல்லாருக்கான் கண்ணு" என்றேன். நீ நிம்மதியாகத் தூங்கினாய்.

அன்று சாயங்காலம் அவன் போன் வரவில்லை. மறுநாள் காலை அவன் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் ஒரு பெண் குரல். அவன் அம்மா. ஒரியாவில் பேசினார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நான் தமிழில் "பிகாஷ் எங்கீங்க? என்னாச்சுங்க?" என்கிறேன், அவருக்கு அது புரியவில்லை. பேசினார், அழுதார், மறுபடி பேசினார். அதில் எனக்கு விளங்கியது இரண்டே இரண்டு பெயர்தான். பிகாஷ் என்றார். கதிர் என்றார். என் பிள்ளை பெயரை அவர் தன் வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறார்.

போனை அணைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே டாக்டரம்மா ரூமுக்கு ஓடினேன். வேறு நோயாளி உள்ளே இருந்தார். நான் கதவைத் தட்டவில்லை. "டாக்டர், இன்னொருத்தன் இருந்தானுங்க. இவனக் காப்பாத்துனவன். அவனும் தண்ணி குடிச்சான், நான் பாத்தேன். ஊருக்கு அனுப்பிட்டேன். அவங்கம்மா பேசறாங்க, எனக்கு ஒண்ணும் புரியலீங்க" என்று போனை நீட்டினேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "நான் கேட்டு எத்தனை நாள் ஆச்சு?" என்றார்.

"ஆறு நாளுங்க."

வேறெதுவும் கேட்கவில்லை. போனை வாங்கி இந்தியில் பேசினார். அவன் அம்மாவுக்கு இந்தி வரவில்லை. பக்கத்தில் யாரோ வாங்கிப் பேசினார்கள். அவனுக்கு மூச்சுத் திணறி அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அங்கிருந்த டாக்டரின் நம்பரை வாங்கினார். வெளியே காத்திருந்தவர்களையெல்லாம் உட்கார வைத்துவிட்டு அவரிடம் பேசினார். உன்னுடைய ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பினார். என்ன ஊசி, எவ்வளவு, எத்தனை நாள் என்று எழுதி அனுப்பினார். அன்று மத்தியானமே பிகாஷை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் மாற்றினார்கள். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் திரும்பி, "இப்பவாவது சொன்னது நல்லது. முதல் நாளே சொல்லியிருக்கணும்" என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். உன் வைத்தியத்தில் ஒரு சிட்டிகையும் குறையவில்லை.

அன்றைக்கு உன் அப்பாவிடம் சொன்னேன். கேண்டீனில், டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "எனக்கும் தோணுச்சு புள்ள. ஸ்டேஷன்ல அவன் கையப் புடிச்சேன், நெருப்பா இருந்துச்சு. நீ டாக்டர்கிட்டச் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன். சொன்னயான்னு கேக்கோணும்னு தெனமும் தோணும். கேக்கல" என்றார். இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் அந்த ஆறு நாளைக் கடத்தியிருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

பிகாஷ் பிழைத்தான். நுரையீரல் தேறியது. முட்டிக்குள் இறங்கிய கிருமிதான் மூட்டைத் தின்றுவிட்டது. ஆறு நாள் முன்னாலேயே ஊசி போட்டிருந்தால் கால் தப்பியிருக்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவர் அப்படிச் சொல்லவில்லை, உண்மையிலேயே சொல்ல முடியாது என்பதால் சொன்னார். தப்பியிருக்கும் என்றால் நான் உடைந்து போயிருப்பேன். தப்பியிருக்காது என்றால் மறந்து போயிருப்பேன். இரண்டும் இல்லாமல் இருப்பதால் இப்படியே இருக்கிறேன்.

அவன் திருப்பூருக்குத் திரும்பவில்லை. ஊரிலேயே கடை போட்டான். காலால் மிதிக்கும் மெஷின் அவனுக்கு ஆகாது என்று மோட்டார் மெஷின் இரண்டு அனுப்பினோம். நீ அதை உன் சிநேகிதர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். ஒரு நாள் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "வேலை செஞ்ச ஆளுக்கு எங்கம்மா மாதிரி யாரும் செய்ய மாட்டாங்க" என்றாய். நான் அடுப்பில் ஏதோ வைத்தது போலச் சமையலறைக்குள் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. நீ என்னைப் பற்றிச் சொல்லும் நல்ல வார்த்தை ஒவ்வொன்றும் அன்றிலிருந்து எனக்கு இப்படித்தான் ஆகிவிடுகிறது.

போன மாதம் அவன் கல்யாணத்துக்கு அழைக்கப் போன் செய்தான். உன் அப்பாவிடம் பேசிவிட்டு என்னிடம் கேட்டான், "வருவீங்களா அக்கா?" ஷிப்மென்ட் இருக்கிறது, கதிரை அனுப்புகிறேன் என்றேன். சொல்லிவிட்டு, வைக்கப் போனவள் வைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கேட்டதை, நான் சொன்னதை.

"தெரியும் அக்கா" என்றான். "கதிரோட ரிப்போர்ட் அனுப்பினாங்கல்ல, அதுல ஆறு நாள் முந்தின தேதி இருந்தது. இங்க டாக்டர் காட்டினார். அப்பவே தெரியும்."

இரண்டு வருஷமாக, தெரிந்துகொண்டேதான் எனக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்திருக்கிறான்.

"கோபம் இருந்தது அக்கா. ரொம்ப நாள் இருந்தது. இப்பவும் கால் வலிக்கிற அன்னைக்கு வரும்" என்றான். பிறகு, "கதிருக்குத் தெரியுமா?" என்றான். தெரியாது என்றேன். "சொல்லிருங்க. அவன் கல்யாணத்துல என்னைக் கட்டிப் புடிச்சுச் சிரிப்பான். அப்ப என் மனசுல ஒண்ணை மறைச்சு வச்சுக்கிட்டு நிக்க என்னால முடியாது" என்றான். என்னை மன்னித்துவிட்டதாக அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் அவனிடம் இன்னொன்றைப் பறிப்பது போலத்தான் இருக்கும்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி இதற்குப் பிறகு எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் பெற்றவள் வாய் சும்மா இருக்காது. தண்ணீரில் விழுந்து எழுந்தவனுக்கு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல். வெட்கப்பட்டோ பயந்தோ எதையும் ஒளிக்காதே, கேட்காவிட்டாலும் சொல். உனக்கு ஒரு ஆபத்து வந்து நீங்கும்போது உன்னோடு யார் நின்றார்கள் என்று திரும்பிப் பார். ஒரு பொய்யை முதல் நாளில் திருத்தினால் கொஞ்ச நேரம் தலைகுனிந்தால் போதும். ஆறாம் நாளில் திருத்தினால் அது யாரோ ஒருவருடைய முட்டியில் போய் உட்கார்ந்திருக்கும். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும், அதன்மேல் உயிரை வைப்பாய். வை. ஆனால் அந்த அன்பு உன்னை எதையும் செய்ய வைக்கும், அதை நம்பாதே. என்னைப் பார்த்த பிறகும் நம்பாதே.

என் சார்பாக அங்கே யாரிடமும் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். அது என்னுடையது. ஷிப்மென்ட் என்று சொன்னதும் பொய்தான், அவன் அம்மாவை எப்படிப் பார்ப்பேன் என்ற பயம்தான் காரணம். நேற்று உன் அப்பா இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார். உனக்கு அடுத்த ரயிலில் நாங்கள் வருகிறோம். கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து சேருவோம். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டியதில்லை. இதைப் படித்துவிட்டு எங்களோடு பேசத் தோன்றாவிட்டால் பேசாமல் இரு, நான் வருத்தப்பட மாட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தாங்கிக்கொள்வேன். நம் யூனிட்டில் செக்கிங்கில் இருக்கிற ஒடிசாப் பெண்ணிடம் இரண்டு வாக்கியம் கற்றுக்கொண்டேன். எதற்கு என்று கேட்டாள். அவளிடமும் சொன்னேன். முதல் வாக்கியம், உங்கள் மகன் என் மகனைக் காப்பாற்றினான். இரண்டாவது, உங்கள் மகனுக்கு நான் அதைச் செய்யவில்லை. இன்னும் நாக்கு சரியாகத் திரும்பவில்லை, ரயிலில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவேன். அவர் பதிலுக்கு என்ன சொன்னாலும் எனக்குப் புரியாது. யாரும் பக்கத்தில் நின்று அர்த்தம் சொல்ல வேண்டாம். அவர் பேசி முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன்.

அம்மா